மஞ்சள் வாசம் இல்லாத கடுதாசி

பினாங்கு, 1940 தை 18

இலுப்பூர்ல இருக்கிற ஆத்தாவுக்கு மகன் நாகராசு கும்பிட்டு எழுதுறது. நீயும் தங்கச்சி செங்கமலமும் சொகந்தானா?

எனக்கு ஒடம்பு மோசம்னு முதலாளி அவசரப்பட்டு ஒனக்கு எழுதிட்டாராம். பயப்படாதே. மூச்சு இழுத்தா விலாவுல குத்துச்சு. வாய்வுன்னு நெனச்சு சுக்குத்தண்ணி குடிச்சேன். எச்சில் செங்கல் நெறத்துல வரவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துட்டாங்க. டாக்டர் நிமோனியான்னாரு. நாலு மணிக்கு ஒருதரம் மாத்திரை. நாலாம் நாள் நல்லா வேர்த்துக் காய்ச்சல் விட்டுருச்சு. இப்பக் கஞ்சி குடிக்கிறேன்.

ஆனா படுக்கத்தான் முடியல. நீ என்னைய நெனச்சு அழுவுறியோன்னு எந்திரிச்சு ஜன்னல் வரைக்கும் நடக்குறேன். நர்ஸம்மா திட்டிப் படுக்க வைக்கிறாங்க. மறுபடி எந்திரிக்கிறேன்.

இங்கிட்டு வர்றவங்ககிட்ட நம்ம வீட்டு மஞ்சள் ரெண்டு துண்டு குடுத்துவிடு. கடுதாசி மூலையில மஞ்சள் இல்லேன்னா எழவுச் சேதின்னு பிரிக்காமலே உட்கார்ந்துருவே. இந்த ஆஸ்பத்திரியில மஞ்சள் கெடைக்கல. நர்ஸம்மா குடுத்த, புண்ணுக்குப் போடுற மஞ்சள் மருந்தைத்தான் நாலு மூலையிலயும் தடவியிருக்கேன்.

தபாலுக்கு ஆள் நிக்கிறாரு. மோந்து பாத்துட்டு அழுதுறாதே ஆத்தா. வாசந்தான் வேற, தடவுன கை என் கைதான்.

நாகராசு