பால் திரிந்த காலையில் வந்தவர்

பாய், இன்று காலை அடுப்பில் பாக்கெட் பால் திரிந்துவிட்டது. அந்த வாடை எழுந்ததும், புதூரில் டீக்கடை வைத்திருந்த நீங்கள் என் தொழுவத்து வாசலில் வந்து நின்றது நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசி. மழைபெய்து கரிசல் மண் காலில் அப்பிக்கொண்ட கார்த்திகை. வீட்டுக்காரர் சிவகாசிக்கு வேலைக்குப் போயிருந்தார். இரண்டு பசுக்களின் பாலை உங்கள் கடைக்கு ஊற்றித்தான் நானும் பிள்ளைகளும் சாப்பிட்டோம்.

“தங்கச்சி, நேத்தும் இன்னைக்கும் பாலு திரிஞ்சிட்டு. நீ தண்ணி கலக்குத ஆளு இல்ல. மாட்டுக்குத்தான் என்னமோ நோவு, பாரு” என்றீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் செவலைப் பசுவின் மடியைத் தொட்டேன். பின்காம்பு ஒன்றின் மேலே மடி கல்லாக இறுகிக் கொதித்தது. பீய்ச்சினால் திப்பி திப்பியாக வந்தது. வலி தாங்காமல் காலை உதறியது.

கடையை அடைத்துவிட்டு மாட்டாஸ்பத்திரி வரைக்கும் கயிற்றைப் பிடித்து நடந்தீர்கள். “இது மடிநோய்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமி. சேறு, சாணியில படுக்கும்போது காம்புத் துளை வழியா உள்ள போயிரும். கறக்குற கையும் அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோயிரும்” என்றார் டாக்டர். கையையும் மடியையும் கழுவித் துடைக்க வேண்டும், நோய்ப்பட்டதைக் கடைசியில் கறக்க வேண்டும், கறந்ததும் துளை உடனே மூடாது என்பதால் தீவனம் போட்டு நிற்கவைக்க வேண்டும் என்றார். காம்புக்குள் மருந்து ஏற்றினார். அந்தப் பாலை விற்கக் கூடாது என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வேற ஆளுகிட்ட வாங்கிக்கோங்க பாய்.”

“இன்னொரு மாட்டுப் பாலு காலைக்கு ஆவும். மத்தியானத்துக்கு மேல எல்லாரும் கடுங்காப்பி குடிக்கட்டும்.”

நான் தண்ணீர் கலந்ததாகக் கடையில் ஒருவர் பேசினாராம். “ஒனக்குக் காச்சல் வந்தா நீ படுக்கலியாலே? அதுவும் உசுருதான?” என்று கேட்டீர்களாம்.

அந்தக் காம்பு வற்றியே போனது. மற்ற மூன்றும் தப்பின. செவலையின் பாலை மறுபடி கொண்டுவந்த அன்று, எல்லோர் கண்முன்னும் காய்ச்சினீர்கள். திரியாமல் பொங்கியது. பெண்கள் யாரும் உட்காராத பெஞ்சைத் துண்டால் துடைத்து, “உக்காரு தங்கச்சி, மொத டீ ஒனக்கு” என்றீர்கள். என்னைப் பேசியவர் நகர்ந்து இடம் விட்டார்.

நீங்கள் போய் வருஷங்களாகிவிட்டன. யாரைப் பற்றியாவது குறை காதில் விழுந்தால், அவர்களுக்கு எங்கே நோகிறதோ என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது. அது உங்களிடமிருந்து வந்தது, பாய்.