அத்தையின் ரேகை

ஆடி மாதம், வியாழக்கிழமை

மனநலக் காப்பகத்தில் இருக்கும் அத்தைக்கு இன்று அரசு காப்பீட்டு அட்டைக்காகக் கைரேகை எடுத்தார்கள். அட்டை இருந்தால்தான் கண்புரை ஆபரேஷன். எந்த விரலும் பதியவில்லை. கருவிழியைப் படமெடுக்கலாம் என்றால் புரையால் அதுவும் பதியவில்லை.

எனக்கும் ரேகை பதியாது. நான் தினமும் தறியில் பழைய பாவு இழையோடு புது இழையை விரலால் முறுக்கிப் புணைக்கிறவன். தறியை விட்டு எத்தனையோ வருஷமான அத்தைக்கு எப்படித் தேய்ந்தது?

"போர்வை நூலை உருவி உருவி முறுக்கிக்கினே இருக்குதுபா. கொஞ்ச நாள் போர்வைய வாங்கி வெச்சிட்டா ரேகை வந்துடும்" என்றார் நர்சம்மா. சரியென்று தலையாட்டினேன்.

அத்தை முறுக்கிய நூலை இழுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை. கண் தெரியாமல் எப்படி இவ்வளவு சுத்தமாக?

சாம்பல் படிந்த என் விரல்களைத் தடவிப் பார்த்த அத்தை, "சாம்பல் தொடாம புணைச்சா வழுக்குதுடா. அடுத்த வாட்டி எனக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு வா" என்றாள்.

அதற்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.