சுருதிப் பொத்தான்

கூட்டாளிக்கு,

நீ இதைப் பிரித்துப் படிப்பாயோ என்னவோ.

நம் மெல்லிசைக் குழுவின் வெள்ளிவிழா மலருக்கு, நாம் சேர்ந்து நடத்திய கீபோர்டு காமெடியின் மேடை வரலாற்றை என்னிடம் கேட்டார்கள். நாங்குநேரிக் கல்யாணத்தில் தொடங்கினேன். ஒரே கீபோர்டில் இருவரும் இடித்துக்கொண்டு உட்காருவோம். நீ உருகி வாசிக்கும்போது நான் பைய சுருதி மாற்றும் பொத்தானை அழுத்துவேன். பாட்டு எங்கோ எகிறும். நீ கீபோர்டுக்கு அடியில் குனிந்து திருடனைத் தேடுவாய். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஆழ்வார்திருநகரி மேடைக்கு வந்ததும் எழுத ஓடவில்லை.

அன்று உன் வாசிப்பைக் கேட்கச் சென்னைக் குழுக்காரர் ஒருவர் வந்திருந்தார். தன் குழுவுக்கு உன்னை மட்டும்தான் கூப்பிடுவதாக இருந்தார். "இன்னைக்கு விளையாட்டு வேண்டாம்லே" என்றாய். தலையாட்டினேன். பாடகி ஒரு சுருதியில் பாட, உன் வாசிப்பு அரைக்கட்டை விலகி நின்றது. சென்னைக்காரர் பாதியில் எழுந்து போய்விட்டார். நீ குனிந்து பார்த்தாய்; கீபோர்டில் சுருதி எண் சரியாகவே இருந்தது.

"நீ அழுத்துனியாலே?"

"எங்கம்மை மேல சத்தியமா இல்ல."

"அப்பம் எனக்குக் காதுதான் போயிட்டு."

அதன்பிறகு நீ கீபோர்டைத் தொடவேயில்லை. மலரில் நான், 'காது மந்தமானதால் அவர் விலகிக்கொண்டார்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகியும் வந்துவிட்டது.

உன் மகள் பாட்டுப் படிக்கிறாளாம். "சரியா பாடுதேனாப்பா?" என்று கேட்டால், "எனக்கு என்னம்மா தெரியும்" என்று எழுந்து போய்விடுகிறாயாம்.

அவளுக்குப் பதில் சொல். உன் காதுக்கு ஒன்றுமில்லை. அன்று நீ குனிந்து பார்ப்பதற்குள் சுருதியைப் பழையபடி மாற்றி வைத்த விரல்தான் இதை எழுதுகிறது.

உன் இடப்பக்கம் உட்கார்ந்தவன்