கிழித்த சீட்டு

போர்ட் பிளேர்
9.11.2016

சங்கவியின் அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரி வாசலிலேயே உங்களைத் திருப்பி அனுப்பியதற்கு நான் வருந்தவில்லை. போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நம் மகள் இன்னும் ஆக்சிஜனில்தான் இருக்கிறாள். கக்குவான் இருமலேதான். எனக்கு ஏழாம் மாதத்தில் டாக்டரம்மா என்ன சொன்னார்? "பொறந்த பிள்ளைக்கு ஆறு வாரம் வரைக்கும் இந்த ஊசி போட முடியாது. இப்ப தாய் போட்டுக்கிட்டா அந்தக் காப்பு பிள்ளைக்கும் போகும்." நம் ஊர் ரங்கத்தில் கிடைக்காது, போர்ட் பிளேரில் வாங்குங்கள் என்று சீட்டை உங்களிடம்தான் கொடுத்தார். பஸ் ஏறும் முன்பே கிழித்தீர்கள். "அரே, சோடோ, விடு அதை! நம்மாளுங்க யாரு இதெல்லாம் போட்டாங்க? நான் சொன்னா கேளு." கேட்டேனே, அந்தக் கோபம் என்மேலும் இருக்கிறது.

பிறந்த பத்தாம் நாள், வேலை பார்க்கும் ஹேவ்லாக்கிலிருந்து இருமிக்கொண்டே வந்து அவளை முகத்தோடு அணைத்தீர்கள். "ரிசார்ட்ல ஏசி, அதான்" என்றீர்கள். இங்கே வரும் வழியில், பாராடாங்கில் படகுக்குக் காத்திருந்தபோது, இருமி இருமி மூச்சு நின்று நீலமாகிவிட்டாள். முதுகைத் தட்டிக்கொண்டே அலறினேன். நீங்கள் அங்கே இல்லை.

சுகுணா

ஹேவ்லாக்
16.11.2016

அன்பு சுகுணாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. சுனாமிக்குப் பிறகு முகாமில் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். அம்மா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். மறுநாளே கலைந்துவிட்டது. துணியில் சுற்றிப் புதைத்தது பதினைந்து வயசிலிருந்த நான்தான். அந்தச் சீட்டைப் பார்த்ததும் கை தானாகக் கிழித்துவிட்டது.

எனக்கு இருப்பதும் அதே இருமல்தானாம். மருந்து சாப்பிடுகிறேன். ஒரு தடவை அவளைப் பார்க்க விடு.

ஜெகநாதன்

ரங்கத்
2.12.2016

சங்கவியின் அப்பாவுக்கு,

அத்தை பட்டதைப் படித்து அழுதேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அன்னைக்கு அவங்க பட்ட பாட்டுக்கு எதனாலயும் கலைஞ்சிருக்கலாம், ஊசியாலன்னு சொல்ல முடியாது. கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே" என்றார்.

கேட்டிருந்தால்! பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேருமே போய்க் கேட்டிருப்போம். பயத்தை மறைத்துக்கொண்டு என்னை அதட்டினீர்கள். அதற்கு விலையாக மூச்சுக்குத் தவித்தவள் நம் மகள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்று அவளுடைய முதல் தடுப்பூசி. உங்களிடம் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். வீறிட்டு அழுதாள். நடுவில் ஒரு தடவைகூட இருமவில்லை.

உங்கள் இருமல் சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதித் தந்தால் வந்து மகளைப் பாருங்கள். அது அவளுடைய உரிமை. உங்களுக்குச் சோறு போட இன்னும் என் மனசு வரவில்லை.

சுகுணா