தவளை இருதயமும் தூக்க மருந்தும்

ரங்கூன், 12-8-1936

சேசு மரி சூசை காவல்.

திண்டிவனத்திலிருக்கும் அம்மாவுக்கு மகன் தொம்மை வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்க சுகத்தை அறிய ஆவல்.

நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வைத்தியக் கல்லூரியில் நேற்று ஓர் அதிசயம். தவளையின் இருதயத்தைத் தனியே எடுத்து உப்புநீரில் போட்டார்கள். உடம்பே இல்லாமல் அது தானாகத் துடித்தது! தூக்க மருந்து சில சொட்டு விட்டதும் துடிப்பு மெதுவாகி நின்றுபோயிற்று. "துடிப்பைக் கிளப்புற இடமே மயங்கிடுச்சு. கழுவுப்பா," என்றார் டாக்டர். நான் புது உப்புநீர் ஊற்றினேன். மறுபடி துடித்தது!

நான் கப்பலேறியதிலிருந்து தூக்கமில்லையென்று கம்பவுண்டர் கொடுக்கிற தூக்க மருந்தை நீங்க அளவுக்கு மேல் குடிப்பதாகத் தங்கச்சி எழுதியிருந்தாள். வேண்டாம்மா. பயப்பட ஒன்றுமில்லை, டாக்டரிடம் ஒருதரம் நாடி காட்டுங்க.

கொஞ்சம் மல்லாட்டைக் கடலை வறுத்து அனுப்புங்க. தூக்கம் வராதபோது எனக்கு அது போதும். மணி அடிச்சிட்டாங்க, போறேன்.

உங்க மகன்,
தொம்மை