கோதுமை படாத கல்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சௌக்கியம்.

நான் சமைக்கும் வீட்டுச் சின்னப் பெண்ணுக்குக் கோதுமையில் இருக்கும் குளூட்டன் துளியும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக அரிசி மாவில் பாலும் முட்டையும் கலந்து, சுவீடன்காரர்கள் சுடும் பான்கேக்கைக் காகிதம் போல மெல்லிசாகச் சுட்டேன். மூன்று தின்றாள். மாலையில் வாந்தி; இரண்டு நாள் ஆஸ்பத்திரி. இப்போது தேவலை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

"சப்பாத்தி போட்ட கல்லுதானே பெரியம்மா? கழுவுனீங்களா?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"பழக்குன கல்லை யாராவது கழுவுவாங்களா? எண்ணெய்த் துணியால துடைச்சேன்" என்றேன். முப்பது வருடமாக அப்படித்தான். அதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவள் திட்டியிருக்கலாம். "இனிமே அடுப்புப் பக்கம் வராதீங்க" என்று மட்டும் சொன்னாள். இப்போது துணி மடிக்கிறேன்.

நேற்று குழந்தை, ஊசி குத்திய கையில் பிளாஸ்திரியோடு என்னிடம் வந்து, "இன்னும் ஒண்ணு சுட்டுத் தருவீங்களா?" என்றாள்.

நம் வீட்டுப் பரண்மேல் புதுத் தோசைக்கல் இருக்கிறது, கோதுமையே படாதது. யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். அடுப்பு தராவிட்டாலும் என் கட்டிலடியில் இருக்கட்டும். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.