ஓட்டைக் கீரை

சனிக்கிழமை, மார்ச் 14

இன்று நான் ஜெயித்துவிட்டேன். தூக்கமே வரவில்லை.

போன வாரம் டெங்கில் என்ற ஊரில் தோட்டம் போட்டிருக்கும் செல்வா எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்குப் பூச்சிமருந்து அடிக்காத கீரை கொண்டுவந்தபோது, ஆறாம் மாடி ஆன்டி இலையில் இருந்த ஓட்டைகளைப் படமெடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பாதிப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிச்சக் கீரை லோரியிலேயே திரும்பிப் போனது. எல்லாரிடமும் ஆர்டர் வாங்கிக் கொடுத்தவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அக்கா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வரமாட்டேன் லா," என்று சொல்லிவிட்டுப் போனார் செல்வா.

இன்று காலை அவர் வந்தபோது நல்ல மழை. கீழே நான் மட்டும்தான் நின்றேன். லிஃப்ட் திறந்தது. முதல் ஆளாக அதே ஆன்டி, கையில் இரண்டு கூடை.

"தம்பி, அந்த ஓட்டக் கீர இருக்கா? அன்னிக்கு வேண்டாவெறுப்பா சமைச்சேன். இப்ப என் மாமியார் பாசார் கீரைய தொடவே மாட்றாங்க!"

பின்னால் அவரே திரட்டி வந்த கூட்டம். பத்தே நிமிடத்தில் லோரி காலி.

"அடுத்த வாரம் டபுளா கொண்டாரேன் அக்கா," என்றார் செல்வா.

எனக்கென்று ஒரு கட்டு எடுத்துவைக்க மறந்துபோனேன். இரவுக்கு மீ கோரெங் நூடுல்ஸ்தான், அதில் பேருக்குக்கூடக் கீரை இல்லை. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.